மூன்றாம் கோரை ஒதுக்கி வைத்த கதை

கடனீரேரிக் கதவுகள் பரிபாலன சபையில் கதவைத் தவிர மற்றதெல்லாம் நேரத்துக்குத் திறக்கும். பொன்னாடைப் பெட்டி திறக்கும். பிரதம விருந்தினர் வந்திறங்கும் வாகனத்தின் கதவு திறக்கும். பணிப்பாளர் நாயகம் அருட்பிரகாசத்தின் வாய் இவை எல்லாவற்றுக்கும் முந்தித் திறக்கும். சபையின் பெயரை ஒரே மூச்சில் சொல்லி முடிக்க அரியாலைக் கரைச் சனங்களுக்குப் பொறுமை இல்லை. அவர்கள் அதைக் கதவுக் கந்தோர், அதாவது கதவு அலுவலகம், என்பார்கள்.

உண்மையில் அங்கே இருந்தது ஒரேயொரு கதவு. கடல் பெருகும்போது அதை இறக்கினால் உப்புத்தண்ணீர் வயல்பக்கம் ஏறாது. வற்றும்போது ஏற்றினால் வள்ளங்கள் கடலுக்குப் போய்வரலாம். இந்த வேலைக்கு ஒரு மாடிக் கட்டடம், அதற்குள் ஒரு பணிப்பாளர் நாயகம், அவருக்குக் கீழே நிர்வாக உத்தியோகத்தர் பத்மாசினி, பத்மாசினிக்குக் கீழே வரிசை வரிசையாக உத்தியோகத்தர்கள், எல்லாருக்கும் தேத்தண்ணீர் கொடுக்க இளையதம்பி. கதவை ஏற்றி இறக்கும் வேலையை மட்டும் இவர்களில் ஒருவரும் செய்வதில்லை. அதை ஒரு கணினி செய்தது. அந்தக் கணினியைப் பார்த்துக்கொள்ள ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்டவள் தயாளினி.

உரும்பிராயிலிருந்து ஸ்கூட்டியில் வந்துபோவாள். நிரந்தர உத்தியோகத்தருக்குக் கைவைத்த கதிரை, ஒப்பந்தக்காரருக்குக் கையில்லாத கதிரை என்பது சபையின் ஒழுங்கு. கையில்லாத கதிரையில் இருந்தால் நித்திரை வராது, வேலை நடக்கும் என்று அவள் தன்னைத் தேற்றிக்கொண்டாள். நடந்த வேலையும் அவளுடையது மட்டும்தான்.

கதவின் தூண்களில் இரண்டு கண்கள் பொருத்தியிருந்தார்கள். கதவு இறங்கும்போது கீழே வள்ளமோ ஆளோ வந்தால் அந்தக் கண்கள் கண்டு கணினிக்குச் சொல்லும். கணினி உடனே கதவை நிறுத்தவேண்டும். உடனே என்றால் சபையின் கடிதங்களில் வருகிற 'உடனடி நடவடிக்கை' மாதிரி உடனே அல்ல. கண் இமைக்கமுந்தி.

ஒருநாள் காலை கனிசியஸ் இறால் வலையோடு கதவுக்குக் கீழால் வந்துகொண்டிருந்தார். குருநகரில் பிறந்து அரியாலையில் பெண்ணெடுத்தவர், அந்தக் கரையில் எல்லாருக்கும் தெரிந்த மனிதர். வள்ளத்தின் முன்பக்க அணியம் தாண்டியதும் கதவு இறங்கத் தொடங்கியது. கண்கள் கத்தின. கணினி கவனிக்கவில்லை. கதவு நேரே வந்து வள்ளத்தின் பின்பக்கத்தில் குந்தியது. கனிசியஸ் தண்ணீருக்குள் பாய்ந்ததால் உயிர் மிஞ்சியது. வள்ளம் இரண்டு துண்டு.

சபை அன்றைக்கே அறிக்கை விட்டது. சம்பவம் நடந்த வேளை கதவு தன் கடமையைச் செய்துகொண்டிருந்ததாகவும், வள்ளமே அதற்கு இடையூறு விளைவித்ததாகவும் அதில் எழுதியிருந்தது.

கதவு ஏன் நிற்கவில்லை என்று தயாளினி கணினியைக் கிளறிப் பார்த்தாள். பார்த்தபோது அவளுக்குச் சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை, நெஞ்சுக்குள் கொதிதான் ஏறியது. அன்றைக்குப் பணிப்பாளர் நாயகத்தின் பிறந்தநாள். வாசலில் இருக்கிற பெரிய திரையில் அவருடைய படத்துக்கு மேலே ரோசாப்பூ இதழ் சொரிந்துகொண்டிருந்தது. அந்தத் திரையை ஓட்டுவதும் கதவை ஓட்டுவதும் ஒரே கணினி. கண்கள் கத்தியபோது கணினி இதழ் சொரிவதில் மும்முரமாக இருந்தது. பூவைப் போட்டுமுடித்துவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது வள்ளம் இரண்டாகியிருந்தது.

அந்தக் கணினிக்குள் நாலு கோர்கள் இருந்தன. கோர் என்றால் வேறொன்றுமில்லை, கணினியின் மூளைக்குள் இருக்கிற நாலு வேலையாட்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வருகிற வேலையை எந்த ஆள் சும்மா நிற்கிறாரோ அவர் எடுப்பார். பூச்சொரிவது, கைரேகை வைத்து வரவு பதிவது, கமராப் படம் சேமிப்பது, கதவை நிறுத்துவது எல்லாம் அவர்களுக்கு ஒன்றுதான். அன்றைக்கு நாலு பேரும் பூச்சொரியப் போயிருந்தார்கள். தயாளினி ஒருவரை மட்டும் தனியே பிரித்தாள். 'நீ பூச்சொரிய வேண்டாம். கைரேகை பார்க்க வேண்டாம். ஆர் கூப்பிட்டாலும் போகவேண்டாம். கதவையும் கண்களையும் மட்டும் பார்' என்று கணினிக்கு விளங்குகிற மொழியில் எழுதிவைத்தாள். பிறகு ஒரு வெற்றுப் பரலை, அதுதான் தகரப் பீப்பாயை, தண்ணீரில் மிதக்கவிட்டுக் கதவை இறக்கினாள். பரல் கீழே வந்ததுதான் தாமதம், கதவு அந்தரத்தில் நின்றது. திரும்பத் திரும்ப விட்டாள். ஒவ்வொரு முறையும் நின்றது.

கரையில் நின்று பார்த்த கனிசியஸ் தலையை ஆட்டினார்.

"முந்தியே உதைச் செய்திருக்கலாமே பிள்ளை."

"முந்தி எனக்கும் விளங்கேல்லை அண்ணை. இனிப் பயமில்லாமல் போகலாம். நீங்கள் வள்ளத்தைத் திருத்துங்கோ."

அவள் கொடுத்த வாக்கு அது. அந்த வாக்கைக் காப்பாற்ற அவள் பட்ட பாடுதான் இந்தக் கதை.

மாத முடிவில் அறிக்கை எழுதவேண்டியிருந்தது. 'பாதுகாப்புக் கருதி மூன்றாம் இலக்கக் கோர் ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளது' என்று ஒரு வரி எழுதினாள். அந்த ஒரு வரி போதும். பத்மாசினி ஆளனுப்பிக் கூப்பிட்டார்.

"தயாளினி, உது ஆரைக் கேட்டு ஒதுக்கி வைச்சனீர்?"

"கோரைத்தான் மிஸ், மூண்டாவது—"

"எதை எண்டு நான் கேக்கேல்லை. ஆரைக் கேட்டு எண்டு கேட்டனான். ஒருத்தரை ஒதுக்கி வைக்கிறதெண்டால் அதுக்கொரு முறை இருக்கு. முதலிலை விளக்கம் கோர வேணும். கோரிட்டை விளக்கம் கோரினீரோ?"

பத்மாசினி பகிடி விடுகிற பெண்மணி அல்ல. கோரிடம் விளக்கம் கோரப்படவில்லை என்பது பெரிய குறைபாடாகப் பதியப்பட்டு, ஆரம்ப விசாரணைக்கு நாள் குறிக்கப்பட்டது. வள்ளம் உடைந்ததற்கு விசாரணை நடக்கவில்லை. கோரை ஒதுக்கியதற்கு நடந்தது. கோர் ஒதுக்கப்படக் காரணமானவர் என்ற வகையில் கனிசியசும் சாட்சியாக அழைக்கப்பட்டார்.

விசாரணை நாளில் உள்ளே எல்லாரும் நீள மேசையைச் சுற்றி இருந்தார்கள். கனிசியசுக்குக் கதிரை போடவில்லை. அவர் விறாந்தையில் நின்றார். கதவு திறந்திருந்ததால் எல்லாம் கேட்டது. அருட்பிரகாசம் தொண்டையைச் செருமினார். எதிரே ஒலிவாங்கி இல்லாதபோதும் இருப்பதாக நினைத்துக் கொஞ்சம் குனிந்து பேசுவது அவர் பழக்கம்.

"நான் இந்தச் சபையைப் பொறுப்பெடுத்த நாள் தொடக்கம் ஆரையும் ஒதுக்கி வைச்சதில்லை. எனக்கு மேலை உள்ளவையை நான் தலையிலை வைச்சிருக்கிறன். எனக்குக் கீழை உள்ளவையைக் கீழை வைச்சிருக்கிறன். ஒதுக்கேல்லை. அவரவருக்கு அவரவர்ரை இடம். அதுக்குத்தான் சமத்துவம் எண்டு பேர். அப்பிடிப்பட்ட சபையிலை ஒரு கோரை, அது உயிரில்லாத கோராய் இருந்தாலும், ஒதுக்கி வைச்சதெண்டால் வெளியிலை என்ன கதைப்பினம்?"

மேசையில் இருந்தவர்கள் மெதுவாகக் கைதட்டினார்கள். அந்தக் கைதட்டலுக்கிடையில் இளையதம்பி தேத்தண்ணீர் கொண்டுவந்தார். மேசைக்கெல்லாம் பூப்போட்ட கப்பும் சோசரும் போயின. பிறகு அவர் வெளியே போய்க் குழாயடியில் கவிழ்த்து வைத்திருந்த ஒரு நீலப் பிளாஸ்ரிக் பேணியை எடுத்துக் கழுவி, அதில் ஊற்றிக் கனிசியசிடம் நீட்டினார்.

வாசல்பக்கம் இருந்த தயாளினி எழுந்து போனாள்.

"ஏன் இளையதம்பி அண்ணை, உள்ளை கப் முடிஞ்சுதோ?"

"இல்லைப் பிள்ளை, கப் கனக்கக் கிடக்கு. உது வெளியிலையிருந்து வாற ஆக்களுக்கெண்டு ஒதுக்கி வைச்சது."

அவர் அதைச் சாதாரணமாகச் சொன்னார், மழை வரும்போல இருக்கிறது என்று சொல்வதுபோல. முதல்நாள் வெளியிலிருந்து வந்த வங்கி மனேச்சர் பூப்போட்ட கப்பில்தான் குடித்தார் என்பது தயாளினிக்கு நினைவு வந்தது. அந்தக் கட்டடத்தில் சம்பளம் வாங்குகிற ஒருத்தி என்பதற்காகவே வெட்கமாக இருந்தது. கனிசியஸ் தேத்தண்ணீரைக் குடித்து முடித்தார். முடித்துவிட்டுப் பேணியைக் குழாயடியில் வைக்கவில்லை. உதறித் தன் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"அது கந்தோர்ச் சாமான்" என்றார் இளையதம்பி.

"எனக்கெண்டு ஒதுக்கினதெண்டால் என்ரைதானே. இனி நீர் கழுவி மினக்கெடத் தேவையில்லை."

உள்ளே விசாரணை தொடர்ந்தது. தயாளினி கணினித் திரையைக் காட்டி விளக்கவேண்டியிருந்தது. திரையில் நாலு கோர்களும் செய்கிற வேலை நாலு தூண்களாகத் தெரிந்தது. மூன்று தூண்கள் உயரத்தில் நின்று துடித்தன. ஒதுக்கி வைத்த தூண் அடியோடு அடியாகக் கிடந்தது.

"பாருங்கோ சேர்" என்றார் பத்மாசினி. "மற்றதுகள் வேர்க்க விறுவிறுக்க வேலை செய்யுதுகள். உது ஒரு வேலையும் செய்யாமல் இருக்குது."

"ஒரு வேலையும் செய்யாமலோ?" என்று அருட்பிரகாசம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தார். அவர் குரலில் முதல்தடவையாக ஒரு மரியாதை இருந்தது.

"அது சும்மா இருக்கேல்லை சேர், காத்துக்கொண்டிருக்கு" என்றாள் தயாளினி. "நெருப்பணைக்கிற வாகனத்திலை ஆரும் மரக்கறி ஏத்திறேல்லைத்தானே. மணி அடிச்ச உடனை அது ஓட வேணும். அதுக்காகத்தான் சும்மா நிக்குது."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அதற்குப் பிறகு அவள் சொன்னதுதான் வினையாகப் போயிற்று. சொல்லியிருக்கக் கூடாது. ஆனால் இப்படியொரு மேசையின் முன்னால் நின்றால் நீங்களும் சொல்லியிருப்பீர்கள்.

"ஒதுக்கி வைச்சது எண்டால் தள்ளி வைச்சதில்லை சேர். விழாவிலை முன்வரிசைக் கதிரையிலை பேர் ஒட்டி ஒதுக்கி வைப்பியள் எல்லோ? அதுமாதிரி. வேறை ஒருத்தரும் அதிலை இருக்கேலாது."

சோசரில் கப் வைக்கிற சத்தம்கூட நின்றது. அருட்பிரகாசம் நிமிர்ந்தார்.

"அப்ப உது தண்டனையில்லை. கௌரவம்."

"அப்பிடியும் சொல்லலாம் சேர்."

"அதிலை ஆற்றை பேர் ஒட்டியிருக்கு?"

"கதவின்ரை பேர்."

"கதவோ?" அவர் மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். "பணிப்பாளர் நாயகம் ஒருத்தன் இருக்கேக்கை, கதவுக்கோ முன்வரிசை?"

விசாரணை அந்த நிமிடமே கைவிடப்பட்டது. இந்த நாட்டில் வேறெந்த விசாரணையும் அவ்வளவு கெதியாக முடிந்ததில்லை. அடுத்த வேலைநாளில் சுற்றறிக்கை வந்தது. ஒதுக்கி வைக்கப்பட்ட கோர், பதவியின் நிமித்தம், பணிப்பாளர் நாயகத்துக்கு உரியது. இனி அது வாசல் திரையில் அவருடைய படத்துக்குப் பூச்சொரியும்.

அதோடு முடியவில்லை. கோயில் திருவிழாவில் காளாஞ்சி மரியாதையை ஆருக்கு முதலில் கொடுப்பது என்று நீதிமன்றம்வரை போகிற ஊர் இது. ஒருவருக்குக் கோர் கிடைத்தால் மற்றவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்களா? மீதிக் கோர்களையும் பகிரவேண்டும் என்று பத்மாசினி தலைமையில் கூட்டம் கூடியது. கணினி எப்படி எண்ணும் என்று கேட்டார்கள். பூச்சியம், ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணும் என்றாள் தயாளினி.

"அப்ப நான் மூண்டாமிடமோ?" என்றார் அருட்பிரகாசம்.

"நான் பூச்சியமோ?" என்று எழுந்தார் பத்மாசினி. "இந்தச் சபைக்காக மாடாய் உழைச்சனான் சேர். என்னைப் பூச்சியத்திலை இருத்திறதெண்டால் நான் லீவிலை போறன்."

பூச்சியம்தான் கணினிக்கு முதலாவது என்று தயாளினி சொல்லிப் பார்த்தாள். கணினிக்கு முதலாவதாக இருக்கலாம், ஊருக்குப் பூச்சியம் பூச்சியம்தான் என்றார் பத்மாசினி. ஆகவே மூன்றாம் கோருக்கு முதலாம் இலக்கக் கோர் என்று பெயர் மாற்றினார்கள். ஒன்று, இரண்டானது. இரண்டு, மூன்றானது. இளையதம்பி எண்களை வெட்டிக் கணினிப் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒட்டினார். இரண்டாவதைப் பத்மாசினி எடுத்தார். மூன்றாவதை மற்ற உத்தியோகத்தர்கள் பங்கிட்டார்கள். பூச்சியத்தை எடுக்க ஆளில்லை. கைரேகை, கமரா, தேத்தண்ணீர் மணி ஆகியவற்றோடு சேர்த்துக் கதவையும் அதில் தள்ளிவிட்டார்கள்.

"சேர், இது ஆக்களைக் கொல்லும்" என்றாள் தயாளினி. குரல் உயர்ந்துவிட்டது. உயரட்டும் என்று விட்டாள்.

"ஆரைக் கொல்லும்?"

"கதவுக்குக் கீழாலை போறவையை."

"நான் கதவுக்குக் கீழாலை போறேல்லையே" என்றார் அருட்பிரகாசம். அவர் குரலில் கோபமே இல்லை. ஒரு குழந்தைக்குக் கணக்கு விளங்கப்படுத்துவதுபோலச் சொன்னார்.

அன்றைக்கு வேலையை விட்டெறிந்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஸ்கூட்டிவரைக்கும் போனாள். ஏறியும் இருந்தாள். அப்போது கரையில் கனிசியஸ் தன் வள்ளத்துக்குத் தார் பூசிக்கொண்டிருப்பது தெரிந்தது. இரண்டு துண்டையும் பொருத்தி, பலகை அடித்து, பிளவை அடைத்து, ஏறக்குறைய முடித்துவிட்டார். தயாளினி இறங்கி அவரிடம் போனாள்.

"அண்ணை, நான் சொன்ன சொல்லைக் காப்பாத்தேல்லை. கோரைப் பறிச்சுப்போட்டினம். கதவுக்குக் கீழாலை போகாதேங்கோ."

"வேறை எங்காலை போறது? கடலுக்கு இருக்கிறது அந்த ஒரு வாசல்தானே."

"அப்ப தானியங்கியை நிப்பாட்டிறன். நானே நிண்டு பாத்து இறக்கிறன்."

அப்படியே செய்தாள். தானியங்கிப் பெட்டியைப் பூட்டி, அதன் சாவியான திறப்பைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள். பெருக்கு வரும்போதெல்லாம் போய்க் கதவடியில் நின்றாள். கீழே ஒன்றும் இல்லை என்று கண்ணால் பார்த்துப் பொத்தானை அழுத்திக் கதவை இறக்கினாள். வெயிலில் நின்றாள், மழையில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். கணினிக்குள் இருந்த கோர் பூச்சொரியப் போய்விட்டதால், கதவுக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்ட கோர் இப்போது தயாளினிதான். சபையின் முன்னேற்ற அறிக்கையில், புதிய கோர்ப் பங்கீட்டின் பின் ஒரு விபத்தும் நடக்கவில்லை என்று பெருமையாக எழுதினார்கள்.

பெருமை கொழும்புவரை போனது. செயலாளர் ஒருவர் நேரில் பார்க்க வருவதாக அறிவித்தார். உடனே விழா. 'முதலாம் இலக்கக் கோர் கையளிப்பும் தானியங்கிக் கதவின் வெள்ளோட்டமும்' என்று அழைப்பிதழ் அடித்தார்கள். வெள்ளோட்டத்தில் ஒரு வள்ளம் கதவுக்குக் கீழால் போகும், கதவு இறங்கி வந்து அதைக் கண்டு நிற்கும், எல்லாரும் கைதட்டுவார்கள். அதன் பிறகு தானியங்கி எந்நாளும் ஓடும், திறப்பைத் தயாளினி கையளித்துவிடவேண்டும். வள்ளத்தில் பிரதம விருந்தினரான செயலாளரை ஏற்றுவதாகத்தான் முதலில் இருந்தது. அப்படியென்றால் பத்திரிகையில் வருகிற படம் அவருடையதாகிவிடும் என்று ஆரோ சொன்னார்கள். அருட்பிரகாசம் தானே ஏறுவதாக முடிவுசெய்தார்.

"சேர், ஏறாதேங்கோ" என்றாள் தயாளினி. அவளுக்கு அவர்மேலும் அந்த நேரம் இரக்கம் வந்தது உண்மை.

"பிள்ளை, ஒதுக்கின கோர் என்ரை பேரிலை இருக்கு. எனக்கென்ன பயம்?"

முன்வரிசைக் கதிரையில் இருப்பவர்மேல் மழை பெய்யாது என்று நம்புகிறவரிடம் வேறென்ன சொல்வது? அவள் திரும்பி வந்துவிட்டாள். கனிசியசின் வள்ளம்தான் விழாவுக்கும் கேட்கப்பட்டிருந்தது. உடைந்த வள்ளத்துக்கு உரிய நிவாரணம் வழங்கப்பட்டதற்கு அதுவே அத்தாட்சியாம்.

"நான் ஏத்திறன் பிள்ளை" என்றார் கனிசியஸ். "நீங்கள் மேலை நிண்டு உள்ளதைச் சொல்லுங்கோ. கீழை மிச்சத்தை நான் பாக்கிறன்."

விழா நாளில் கரையெல்லாம் சனம். மங்கள விளக்கு காற்றில் அணைந்து அணைந்து எரிந்தது. வரவேற்புரை, ஆசியுரை, தலைமையுரை, வாழ்த்துரை எல்லாம் முடிந்தன. பெரிய திரையில் அருட்பிரகாசத்தின் படத்துக்குமேல் இதழ்கள் ஒரு தடங்கலும் இல்லாமல் சொரிந்தன. ஒதுக்கிய கோர் அல்லவா. அவர் தலைப்பாகையும் மாலையும் பொன்னாடையுமாக வள்ளத்தில் ஏறி நடுவில் போட்டிருந்த கதிரையில் அமர்ந்தார். தண்ணீரிலிருந்தும் உரையாற்றுவதற்கு வசதியாகக் கம்பியில்லாத ஒலிவாங்கி ஒன்றைச் சட்டையில் குத்தியிருந்தார்கள்.

நிகழ்ச்சி நிரலில் இல்லாத ஒன்றைத் தயாளினி அப்போது செய்தாள். கதவடியில் இருந்த ஒலிவாங்கியை எடுத்தாள்.

"எல்லாருக்கும் வணக்கம். முதலிலை பரல் போகும். பிறகு சேர் போவார்."

பரலை நீரொழுக்கில் தள்ளிவிட்டாள். திறப்பைப் போட்டுத் தானியங்கியை முடுக்கினாள். கதவு இறங்கியது. பரல் அதற்குக் கீழே போனது. கண்கள் கத்தின. பூச்சியத்தில் இருந்த கோர் அப்போது கமராப் படத்தைச் சேமித்துக்கொண்டிருந்தது. திரையில் இதழ்கள் அழகாக விழுந்தன. கதவும் விழுந்தது. தகரம் நெரிகிற சத்தத்தில் மரத்தில் இருந்த காகங்கள் எழும்பிப் பறந்தன. கதவு திரும்ப ஏறியபோது பரல் ஒரு தட்டாக மிதந்துபோனது.

தயாளினி திறப்பை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள். பத்மாசினிதான் நிகழ்ச்சித் தொகுப்பாளர். அவர் கையிலிருந்த நிரலைப் பார்த்தார்.

"அடுத்ததாக, பணிப்பாளர் நாயகம் அவர்கள்."

கனிசியஸ் வள்ளத்தை நேரே கதவுக்குக் கீழே கொண்டுபோனார். நடுவில் எஞ்சினை நிறுத்தினார். கதவின் அடிவிளிம்பிலிருந்து கடல்தண்ணீர் அருட்பிரகாசத்தின் தலைப்பாகையில் சொட்டியது.

"ஏன் நிப்பாட்டினனீர்?" அவர் குரல் ஒலிபெருக்கியில் கரை முழுதும் கேட்டது. "எடும்! கெதியா எடும்!"

"கதவு இறங்கட்டும் ஐயா. அதுக்குத்தானே வந்தனாங்கள்."

"விசரே உமக்கு? பரலைக் கண்டனீர்தானே?"

"கண்டனான் ஐயா. பரலுக்கு முந்தி என்ரை வள்ளத்தையும் கண்டனான். அண்டைக்கு நீங்கள் பிறந்தநாள் கேக் வெட்டிக்கொண்டிருந்தியள்."

தயாளினி ஒலிவாங்கியை வாயருகே பிடித்தாள்.

"சேர், உங்கடை கோர் உங்கடை படத்துக்குப் பூச்சொரியுது. கதவு பூச்சியத்திலை கிடக்கு. நீங்கள் சொன்னால் கோரைத் திரும்பக் கதவுக்கு ஒதுக்கிறன். சொல்லாட்டில் நிரலிலை உள்ளபடி திறப்பைப் போடுறன். எது வேணும்?"

"ஒதுக்கும்! கதவுக்கே ஒதுக்கும்!"

"ஒதுக்கினால் கொம்பியூற்றரை நிப்பாட்டி எழுப்ப வேணும் சேர். உங்கடை படம் போயிடும்."

"படம் போகட்டும்! நான் இருக்க வேணும்!"

பத்மாசினி குறுக்கே வந்தார். "மன்னிக்க வேணும் சேர். நீங்கள் இப்ப சபை வளவுக்கு வெளியிலை, தண்ணியிலை நிக்கிறியள். அந்த நேரத்திலை உங்கடை இடத்துக்குப் பதில் கடமை நான். அப்பிடிப் பாத்தால் முதலாம் இலக்கக் கோர் இப்ப எனக்குரியது. எழுத்திலை ஒரு—"

"பத்மாசினி!" என்று ஒலிபெருக்கி அலறியது. "நான் பூச்சியம்! நானே பூச்சியம்! என்னை அதிலை போடுங்கோ! கதவை மேலை எடுங்கோ!"

இப்படியொரு உரையை அந்தச் சபை கேட்டதில்லை. கரையில் முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு சிரிப்பு கரை நெடுகப் போனது. செயலாளர் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். தயாளினி கதவடியில் வைத்திருந்த மடிக்கணினியில் பழைய கட்டளையைத் திரும்ப எழுதி, கணினியை நிறுத்தினாள். பெரிய திரை கறுத்தது. படமும் போனது, பூவும் போனது. அது எழும்பும்வரை கதவு அசையாது என்று அவளுக்குத் தெரியும், கனிசியசுக்கும் சொல்லியிருந்தாள். அருட்பிரகாசத்துக்குத்தான் ஒருவரும் சொல்லவில்லை. அவர் கதிரையை விட்டிறங்கி வள்ளத்தின் அடியில், மீன்வாடைத் தண்ணீருக்குள், பொன்னாடையோடு குந்திக்கொண்டார்.

கணினி எழும்பியது. மூன்றாம் கோர், தன் பழைய பெயரோடு, தன் பழைய இடத்துக்கு வந்து சும்மா நின்றது. தயாளினி கரையில் கிடந்த இன்னொரு பரலைத் தள்ளிவிட்டாள். அது ஒழுக்கில் போய் வள்ளத்துக்கு முன்னால் கதவடிக்கு வந்தது. அவள் திறப்பைப் போட்டாள். கதவு ஒரு சாண் இறங்கியது, பரலையும் வள்ளத்தையும் கண்டது, நின்றது. சத்தமே இல்லை. கனிசியஸ் மேலே பார்த்துத் தலையை ஆட்டினார்.

அருட்பிரகாசத்துக்குத் தொண்டை வறண்டு குரல் கட்டிவிட்டது.

"தண்ணி... குடிக்க ஏதும் இருக்கோ?"

கனிசியஸ் அணியத்துக்குக் கீழே கையை விட்டு ஒரு போத்தலை எடுத்தார். வீட்டிலிருந்து கொண்டுவந்த வெறும் தேத்தண்ணீர். கூடவே ஒரு நீலப் பிளாஸ்ரிக் பேணியையும் எடுத்து நிறைய ஊற்றி நீட்டினார்.

"குடியுங்கோ ஐயா. நல்ல பேணி. உங்கடை கந்தோரிலை எனக்கெண்டு ஒதுக்கி வைச்சது."

அருட்பிரகாசம் பேணியைப் பார்த்தார். தலைக்குமேலே கதவைப் பார்த்தார். கரையில் நின்ற சனத்தைப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் வாங்கிக் குடித்தார். ஒலிவாங்கி சட்டையில்தான் இருந்தது. அவர் குடித்த ஒவ்வொரு மிடறும் அரியாலைக் கரை முழுதும் கேட்டது.